அப்பாவின் கேட்டும் ஒரு சிறுநீர்க் குப்பியும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். மலேசியாவில், ஜொகூரின் லாபிஸ் பக்கத்தில் இருக்கிற பாதிப் பேருக்கு கிளட்சை எப்போது விடுவது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக, ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது என் வாயில் வருகிற வாக்கியம்: "பதறாத லா, முதல்ல பிரேக்க மிதி." மலாய்ப் பிள்ளைகளுக்கு மலாயில், சீனப் பிள்ளைகளுக்கு அவர்களே சிரிக்கிற மாதிரியான சீனத்தில், நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் திட்டும் சேர்த்து. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வாக்கியத்தை எனக்கே யாராவது சொல்ல வேண்டியதாகிவிட்டது. என் மாணவி ஒருத்தியே சொன்னாள். நான்தான் பிரேக் எந்தக் காலுக்கு என்பதையே மறந்து நின்றேன்.

எங்களோடு அப்பா இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. ஏழு வருடமாகப் பார்கின்சன். முதலில் வலது கைக் கட்டைவிரல், கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டுவது போல ஆட ஆரம்பித்தது. பிறகு நடை குறுகியது, குரல் இறங்கியது, கையெழுத்து எறும்பு சைசுக்கு வந்தது. முகத்தில் சிரிப்பு வந்து சேரவும் நேரமாகும். நான் ஒரு ஜோக் சொன்னால், அடுத்த ஜோக்கின் பாதியில்தான் முந்தையதற்குச் சிரிப்பார். என்னைப் போன்ற வாய்க்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அப்பா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். முப்பத்தொரு வருடம். செம்பனைத் தோட்டத்துக்குள் போகிற மண் சாலை தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு டெலிபோன், ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, சாலையின் இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்ட ஒரு சங்கிலி. வண்டி வருகிறது என்று டெலிபோனில் சொன்னால் சங்கிலியைப் போட வேண்டும், வண்டி போனதும் எடுக்க வேண்டும். இப்போது அங்கே மேம்பாலம் வந்துவிட்டது, மின்சார ரயில் ஓடுகிறது, கொட்டகை இருந்த இடத்தில் லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது. ஆனால் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்காலும் ஒரு வேலியும்தான். அப்பாவின் நாற்காலி ஜன்னலோரம். ரயில் போனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். தாமதமாக இருந்தால் நாக்கைத் தட்டி "ம்ச்" என்பார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை பல சமயம் அந்த "ம்ச்"தான்.

இந்த நோய் கையை மட்டும் ஆட்டி விட்டுப் போவதில்லை. மூத்திரப் பையையும் அவசரப்படுத்தும். வந்தால் உடனே போக வேண்டும், ஆனால் கால்களுக்கு "உடனே" என்ற சொல் மறந்து போயிருக்கும். போய் நின்றாலும் முழுசாக இறங்காது. பாதியை உள்ளேயே வைத்துக்கொண்டு திரும்புவார், அரை மணியில் மறுபடி கிளம்புவார். வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காக மனைவி நாற்காலியிலிருந்து பாத்ரூம் வரை தரையில் மஞ்சள் டேப்பைக் குறுக்கே குறுக்கே ஒட்டி வைத்தாள். கோட்டைத் தாண்டு என்றால் அந்தக் கால் தாண்டும், நட என்றால் நடக்காது. விசித்திரம்தான். பார்ப்பதற்கு அது அசல் தண்டவாளக் கட்டைகள் மாதிரியே இருந்தது. அங்கேதான் எனக்குக் குரங்குப் புத்தி வேலை செய்தது.

பாத்ரூம் கதவில் ஒரு ரயில் கால அட்டவணை எழுதி ஒட்டினேன். காலை ஆறு பத்து, ஆறு ஐம்பது, ஏழு முப்பத்தைந்து என்று வரிசையாக. மேலே கொட்டை எழுத்தில் "பாத்ரூம் எக்ஸ்பிரஸ், எல்லா இடத்திலும் நிற்கும்." அதோடு விட்டேனா? அப்பா கிளம்பும்போதெல்லாம் குடும்ப வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டேன். வண்டி ஹாலைத் தாண்டிவிட்டது, சமையலறைச் சந்திப்பில் நிற்கிறது, இருபது நிமிடம் தாமதம். ஜொகூர் பாருவில் இருக்கிற அக்கா கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பினாள். மெர்சிங்கில் மீன் வியாபாரம் செய்கிற சித்தப்பா மகன், டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்டான்.

அப்பா அந்த அட்டவணையின் முன் ரொம்ப நேரம் நின்று படித்தார். பிறகு, வடக்கே போகிற வண்டியையும் தெற்கே போகிற வண்டியையும் ஒரே பத்தியில் எழுதக்கூடாது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பத்தியாகப் பிரித்து மறுபடி எழுதினேன்.

இங்கே அக்காவுக்கும் எனக்கும் இருந்த ஒப்பந்தத்தைச் சொல்ல வேண்டும். அக்கா தினமும் விடியற்காலையில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வேலை செய்துவிட்டு வருகிறவள். என்னைவிட நாலு வயது மூத்தவள், நூறு மடங்கு பொறுப்பானவள். போன வருடம் அப்பா ஒரு தடவை விழுந்தபோது, அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நல்ல இடம், தாதிகள் இருக்கிறார்கள், சாப்பாடும் நம் சாப்பாடு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தோம்: அப்பாவுக்கு ஆள் தெரிகிற வரை லாபிஸ், ஆள் தெரியாமல் போகிற நாளிலிருந்து இல்லம். அந்தக் கட்டத்தில் என்னாலும் மனைவியாலும் பார்த்துக்கொள்ள முடியாது என்றாள் அக்கா. அதில் பொய் எதுவும் இல்லை. அப்பாவும் கூடத்தான் உட்கார்ந்திருந்தார். ஆள் தெரியலேன்னா எங்க இருந்தா என்ன என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இல்லம் நகரத்துக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ரயில் சத்தம் கேட்காது.

அட்டவணை ஒட்டி பத்து நாள் இருக்கும். எக்ஸ்பிரஸ் சேவை குறைந்தது. ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை போனவர் ஏழானார், ஐந்தானார். நான் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். பார்த்தீர்களா, ஒழுங்கான அட்டவணை இருந்தால் எந்த ரயில்வேயும் திருந்தும் என்றேன். மனைவிதான், மாமாவின் தண்ணிப் போத்தல் காலையில் நிரப்பினது சாயங்காலம் அப்படியே இருக்கிறது, பாத்ரூமில் வாடையும் ஒரு மாதிரி இருக்கிறது, நிறமும் தேத்தண்ணி மாதிரி என்றாள். மருந்து நிறம் என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டு அப்படிச் சொன்னேன் என்றால், யாரையும் கேட்டு இல்லை. கார் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டினால் மண்டியிட்டுப் பார்க்கிறவன் நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு மணி மாத்திரையோடு அப்பாவை எழுப்பப் போனேன். உடம்பு பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. தூக்கி உட்கார வைத்தால் சாய்ந்தார். கண் மட்டும் திறந்திருந்தது. என்னை உற்றுப் பார்த்தார். எந்த கேங் நீ என்று கேட்டார். ரயில்வேயில் தண்டவாள வேலை செய்கிற கூட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள். நான் விளையாட்டு என்று நினைத்து, சாப்பாட்டு கேங் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஜோக் வரை காத்திருந்தும் பார்த்தேன். சிரிக்கவே இல்லை. கூட்ஸ் விட்டாச்சு, சங்கிலியப் போடு என்றார். அவர் கண்ணில் நான் இல்லை.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் செய்த காரியங்களை மனைவி இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நடித்துக் காட்டுகிறாள். அப்பாவின் நெற்றியைத் தொட்டேன், காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று அதற்கு ஒரு தடவை அழுதேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக் காலி அட்டைகளை எண்ணினேன். திருஷ்டியாக இருக்கும் என்று தோன்றி, அதில் எல்லாம் நம்பிக்கை இல்லாத நான், உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். எத்தனை மிளகாய் என்று தெரியாததால் ஒரு பிடி. வீடு முழுக்க நெடி ஏறி எல்லோரும் இருமினோம். அப்பா மட்டும் இருமலுக்கு நடுவில், இன்ஜின்ல கரி ஜாஸ்தி என்றார். இடையில் பதினோரு பேருக்குப் போன் செய்திருக்கிறேன். அதில் ஒருவர் என்னிடம் லைசென்ஸ் எடுக்க வந்திருந்த மாணவி, தவறாகப் போன அழைப்பு. அவள்தான், பதறாதீங்க மாஸ்டர், முதல்ல பிரேக்க மிதிங்க என்றாள்.

இன்னொன்று அக்காவுக்குப் போன அழைப்பு. அது தவறாகப் போனதில்லை. அப்பாவுக்கு ஆள் தெரியலக்கா என்று என் வாயாலேயே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. அக்கா, லீவு சொல்லிட்டு வரேன் என்றாள். இல்லத்துக்கும் போன் செய்து கேட்டிருக்கிறாள். ஒரு கட்டில் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்களாம்.

செகாமட் ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரை ஓட்டினேன். ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் கிளம்பினேன். சிக்னல் போடுவதற்குப் பதிலாக வைப்பரைப் போட்டேன், வெயிலில் அது கண்ணாடியைக் கீச்சுக் கீச்சென்று தேய்த்துக்கொண்டே வந்தது. பின்சீட்டில் அப்பாவைத் தாங்கிக்கொண்டிருந்த மனைவி, உங்க மாணவனா இருந்தா இந்நேரம் பெயில் போட்டிருப்பீங்க என்றாள்.

அவசரப் பிரிவில் இளம் வயது மலாய் டாக்டர் ஒருத்தர். நான் அவரிடம் மூளையில் ரத்தக் கசிவு என்றேன், பக்கவாதம் என்றேன், பார்கின்சன் தலைக்கு ஏறிவிட்டது என்றேன், ஸ்கேன் எடுங்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் அதையும் பார்ப்போம், பாக்சிக், அதாவது பெரியவர், தண்ணீர் குடிக்கிறாரா, சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. மாடி வீட்டில் தீப்பிடித்தது என்று ஓடி வந்தால், கீழ் வீட்டுக் குழாயைப் பற்றி விசாரிக்கிறாரே என்று. அதை மலாயில் அவரிடமே சொல்லியும் விட்டேன். அவர் சிரித்தார்.

"அங்கிள், பார்கின்சன் ஓடி வராது. நடந்துதான் வரும். ஒரே ராத்திரியில ஓடி வந்தா, அதைத் துரத்திக்கிட்டு வேற எதுவோ வருதுன்னு அர்த்தம். முதல்ல அதைப் பிடிப்போம்."

மலாயில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அதற்கு முதல் படியாக ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை என் கையில் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். வராவிட்டால் குழாய் போட்டு எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

சக்கர நாற்காலியில் அப்பாவைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பாத்ரூமுக்குப் போனோம். உட்கார வைத்தோம். வரவில்லை. பைப்பைத் திறந்துவிட்டேன். சின்னக் குழந்தைக்குச் செய்வது போல வாயால் உஸ்ஸென்று சத்தம் கொடுத்தேன். எனக்குத்தான் வந்தது. அப்பா இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினார். ஏன் என்று கேட்டேன்.

"கேட்ட விட்டுட்டு எப்படிப் போறது? ஆள் இல்லியே."

கதவருகே நின்ற மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாழ்க்கை முழுக்கப் பேச்சை வைத்துப் பிழைத்த நான், அந்த நிமிடத்தில்தான் முதல் தடவையாக உருப்படியாகப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

"நான்தான் ரிலீஃப் ஆளுங்க. என்னை அனுப்பியிருக்காங்க. நீங்க போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். யார் அனுப்பியது என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் என்றேன். கொடி எங்கே என்றார். மனைவி கைப்பையிலிருந்து அவளுடைய சிவப்பு மடக்குக் குடையை எடுத்து நீட்டினாள். நான் அதைக் கொடி மாதிரி நிமிர்த்திப் பிடித்தேன்.

"சங்கிலி போட்டியா?"

"போட்டுட்டேன்."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

"பூட்ட இழுத்துப் பாத்தியா?"

"பார்த்துட்டேங்க."

ஒரு பெருமூச்சு விட்டார். டியூட்டி அன்னிக்குத் தண்ணியே குடிக்கிறதில்ல, அப்படியும் பாரு என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல முணுமுணுத்தார். பிறகு வந்தது. கொஞ்சமாக, விட்டு விட்டு, கலங்கலாக, நாற்றத்தோடு. மனைவி குப்பியைப் பிடித்தாள். நான் கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, சிவப்புக் குடையைப் பிடித்து விறைப்பாக நின்றேன். அந்தப் பக்கமாக வந்த தாதி ஒருத்தர் என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் வேறு பாத்ரூமுக்குப் போனார்.

குப்பியில் தோய்த்த சோதனைத் தாள் உடனே நிறம் மாறியது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. சிறுநீர்ப் பாதையில் கிருமி. டாக்டர் விளக்கினார்: நம் வயதில் வந்தால் எரியும், காய்ச்சல் வரும், நாமே சொல்லிவிடுவோம். பாக்சிக் மாதிரி வயதில், அதிலும் இந்த நோய் இருக்கிறவர்களுக்கு, எரிச்சலும் இருக்காது காய்ச்சலும் இருக்காது. நேராகப் போய் புத்தியைக் கலக்கிவிடும், உடம்பை இறுக்கிவிடும். பை முழுசாகக் காலியாகாமல் தேங்கி நிற்பது கிருமிக்குச் சௌகரியம். தண்ணீரும் குறைந்தால் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. சரியாகுமா என்று கேட்டேன். பெரும்பாலும் தெளிந்துவிடும், ஆனால் கிருமி போன அன்றைக்கே புத்தி திரும்பாது, நாளாகலாம், உறுதியாக இப்போது சொல்ல முடியாது என்றார். டிரிப் ஏற்றி, வார்டில் சேர்த்தார்கள். பார்கின்சன் மாத்திரைகளை மட்டும் நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லி மனைவி தாதியிடம் மூன்று தடவை சொன்னாள்.

மத்தியானம் அக்கா வந்தாள். கையில் ஒரு நீல நிறப் பை. திறந்து காட்டினாள். நாலு சாரோங் கைலி, நாலு பனியன், துண்டு, ரப்பர் செருப்பு. எல்லாவற்றின் ஓரத்திலும் அழியாத மையில் அப்பாவின் பெயர். இல்லத்தில் துணி கலந்துவிடுமாம், பெயர் எழுதித்தான் கொண்டு வரச் சொன்னார்களாம். இவ்வளவு சீக்கிரம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். போன வருஷமே எழுதி வெச்சிட்டேன், எழுதி வெச்சா தேவைப்படாதுன்னு நெனச்சேன் என்றாள். அப்பா கட்டிலிலிருந்து அவளைப் பார்த்து, எந்த வண்டிக்கு அம்மா டிக்கெட் என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்றாள். கட்டில் வெள்ளி வரைதான்.

புதன்கிழமை கால் கொஞ்சம் இளகியது. பேச்சு இன்னும் ரயில்வே கேட்டில்தான். நான் பரீட்சை வாத்தியார் மாதிரி மணிக்கு ஒரு தடவை, நான் யாரு, நான் யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மனைவி, அவர் தெரியாதவர் மாதிரி நடிக்கிறதே உங்க தொல்லைக்குத்தான் இருக்கும் என்றாள். ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் நான் குடையோடு ரிலீஃப் டியூட்டி. வார்டில் எதிர்க் கட்டில் சீனப் பெரியவர் மூன்றாவது தடவையில் எனக்குச் சல்யூட் அடித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி கேட்டேன். அப்பா நிதானமாக என்னை அளந்தார்.

"ரிலீஃப் ஆளு. கேட்ட நல்லாத்தான் பாத்துக்கிற. வாய்தான் ஜாஸ்தி, எம்மவன் மாதிரி."

இது பாஸா பெயிலா என்று எனக்குத் தெரியவில்லை. முக்கால் பாஸ் என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அக்கா வந்தாள். தாதி அப்பாவைத் துடைத்துவிட்டு, கையில் கிடைத்த நீலப் பையிலிருந்து ஒரு சாரோங்கை எடுத்துக் கட்டிவிட்டார். அப்பா சாரோங்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்பாவின் முகத்தில் எதையும் படிக்க முடியாது, நோய் அதை மூடி வைத்திருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, என் பேர எதுக்கு இதுல எழுதியிருக்க? எனக்கு மறந்துட்டா குனிஞ்சு பாத்துக்கவா?"

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் ஆடுகிற கையைப் பிடித்துக்கொண்டு, நான் யாருன்னு சொல்லுங்க என்றாள். அப்பா அவளை அவள் சின்ன வயதுச் செல்லப் பெயரால் கூப்பிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதினால் அக்கா என்னை இந்த வயதிலும் அடிப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, இவன் எதுக்கு மூணு நாளா குடையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான், மழையா என்றார். நான் குடையை மனைவியிடம் நீட்டினேன்.

அக்கா வராந்தாவில் நின்று இல்லத்துக்குப் போன் செய்து, கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தோம். முந்தின நாளே நான் பாத்ரூம் கதவில் இருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டேன். அப்பா தண்ணியே குடிக்கிறதில்ல என்று முணுமுணுத்தது அதற்குள் எனக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் கதவில் அதை ஒட்டிய தடம் போகவில்லை. அப்பா மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, கதவின் முன் நின்று, டைம் டேபிள் எங்கே என்றார். கிழித்துவிட்டேன், அது தப்பு என்றேன். அதைப் பார்த்துத்தான் தண்ணீரை நிறுத்தினீர்களா என்றும் கேட்டேன்.

அன்றைக்கு அப்பா சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை, அம்மா உயிரோடு இருந்தவரை அவளும் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு நிமிடம் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்திருக்கிறது. செம்பனைப் பழம் ஏற்றிய லாரி தண்டவாளத்தில் பாதி ஏறி நின்றிருக்கிறது, தூரத்தில் ரயில் ஊதியிருக்கிறது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கொடியைக் காட்டினாராம். லாரி நகர்ந்துவிட்டது, ரயிலும் நின்றுவிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மேலே யாரும் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து டியூட்டிக்குக் கிளம்பினால் தண்ணீர் கிடையாது. முப்பத்தொரு வருடம். உன் அட்டவணையைப் பார்த்ததும் அந்தப் பழக்கம் தானா வந்துருச்சு என்றார். அதோடு, நீங்க எல்லாம் போன்ல சிரிக்கிறது காதுல விழும் என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் குரலில் எல்லாமே சாதாரணமாகத்தான் வரும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேலி எதுவும் சேர்க்காமல். அப்பா அதற்கு என்ன பதில் சொன்னார் என்றால், ஒரு பென்சிலும் அட்டையும் கொண்டு வா என்றார்.

ஒரு மணி நேரம் எழுதினார். எறும்புக் கையெழுத்து, மூக்குக் கண்ணாடி போட்டு, அதற்கு மேல் போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். தண்ணீர் வண்டி, காலை ஆறு, மாத்திரையோடு. எட்டு. பத்து. இப்படி எட்டு வண்டி, வடக்கு தெற்கு தனித்தனிப் பத்தி. ஒன்று தண்ணீர் உள்ளே வருவதற்கு, ஒன்று வெளியே போவதற்கு. போகிற பத்தியில் நேரம் எழுதவில்லை, "சிக்னல் பார்த்து" என்று மட்டும். அக்கா கோத்தா திங்கியில் யாரோ சொன்னார்கள் என்று வாரா வாரம் பார்லி வாங்கி அனுப்புகிறாள். பார்லித் தண்ணி மருந்தில்லை, ஆனா தண்ணிதானே, குடிக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அது சனிக்கிழமை கூட்ஸ். அட்டையின் அடியில் ஒரு விதி இருக்கிறது. அதை நான் முதல் நாள் படிக்கவே இல்லை, மனைவிதான் கண்டுபிடித்தாள்: "ரிலீஃப் ஆள் டியூட்டி நேரத்தில் பேசக் கூடாது."

கிருமி மருந்தை நடுவில் நிறுத்தாமல் கடைசி மாத்திரை வரை முடித்தோம். சில மாதம் கழித்து இன்னொரு தடவை வந்தது. காலையில் அப்பா திடீரென்று விறைத்து, என்னைப் பார்த்து, எந்த கேங் என்றார். நான் மிளகாயைத் தொடவில்லை. குப்பியையும் குடையையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன். வழியில் நாலு பேருக்குத்தான் போன் செய்தேன் என்று மனைவி கணக்கு வைத்திருக்கிறாள். வைப்பர் மட்டும் இந்தத் தடவையும் ஓடியது. மூன்றே நாளில் தெளிந்துவிட்டார்.

இப்போதெல்லாம் குடும்ப வாட்ஸ்அப்பில் அறிவிப்பு இல்லை. அக்கா மட்டும் சாயங்காலம் ஒரு கேள்வி அனுப்புவாள், எத்தனை வண்டி என்று. நீலப் பையில் இருந்த சாரோங்குகளை அப்பா வீட்டிலேயே கட்டிக்கொள்கிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் ஓரத்தைத் தூக்கிக் காட்டுவார்.

இன்றைக்குக் காலையிலும் பத்து மணித் தண்ணீர் முடிந்து, கால் மணியில் எழுந்தார். மஞ்சள் கோடுகளைத் தாண்டினார். பாத்ரூம் வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல், கேட்டப் பாத்துக்க என்றார். நான் ஆணியில் தொங்குகிற சிவப்புக் குடையை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். விதிப்படி வாயைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வடக்கே போகிற வண்டி போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது நிமிடம் தாமதம். உள்ளே ஓட்டம் நல்ல சத்தத்தோடு வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் "ம்ச்" என்று ஒரு சத்தம்.

"போயிருச்சா?" என்றார்.

"போயிருச்சுப்பா."

"அப்ப சங்கிலிய எடு."